பன்னிரண்டு மணிக்கு முன்னால்

ஷட்டர் இன்னும் ஏறவில்லை. மணி பதினொன்று. அதற்குள் எட்டுப் பேர் வந்து நிற்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் பூட்டின் மேல். மூன்றாவதாக நிற்கிற தம்பி, உன்னோடுதான் எனக்குப் பேச்சு. இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறாய். இந்த வெயிலில் என்ன குளிர்? நடுக்கத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒளித்து வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியும். அந்த நடுக்கத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

என் அப்பா கொத்தனார். எங்கள் தெருவில் பாதிச் சுவர் அவர் கை வைத்தது. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு விடுவார்கள் இல்லையா, அந்தக் குண்டு ஆடாமல் நின்றால்தான் கணக்கு. காலை எட்டு மணிக்கு அப்பா நூலைப் பிடித்தால் குண்டு நிற்காது, ஊஞ்சலாடும். மேஸ்திரி சித்தாளை அனுப்பி பிளாக்கில் ஒரு கட்டிங் வாங்கிவரச் சொல்வார். அது உள்ளே போன கால் மணி நேரத்தில் குண்டு நின்றுவிடும். மேஸ்திரிக்கு அவருடைய சுவர் முக்கியம். டீக்கடை மாஸ்டர் மட்டும் அப்பாவுக்கு அரை டம்ளர்தான் ஊற்றுவார். அதைக் குடித்து முடித்ததும், யாரும் கவனிக்காத மாதிரி மறு அரையை ஊற்றுவார். முழு டம்ளர் கொடுத்தால் சட்டையெல்லாம் டீயாகும் என்று அவருக்குத் தெரியும். ஊரில் என் அப்பாவுக்குக் கிடைத்த மரியாதை அந்த அரை டம்ளர்தான்.

குடித்தால் கை நிற்கிறது, குடிக்காவிட்டால் நடுங்குகிறது. இதை வைத்துக்கொண்டு நீ உனக்கே ஒரு தீர்ப்பு எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறாய்: "என்னால முடியாது."

பொய்! போன கார்த்திகை முதல் தேதி நீ என்ன செய்தாய்? விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் முங்கினாய். குருசாமி துளசி மாலை போட்டார். கறுப்பு வேட்டி, வெறுங்கால். 41 நாள் ஒரு சொட்டுத் தொடவில்லை. இதே கடை அப்போதும் இதே இடத்தில்தான் இருந்தது. சனிக்கிழமை கூலி அப்போதும் கைக்கு வந்தது. கடன்காரன் ஏச்சு, பெண்டாட்டியோடு சண்டை, உடம்பு வலி என்று குடிப்பதற்கு நீ சொல்கிற காரணங்களில் ஒன்றாவது அந்த 41 நாள் லீவு போட்டதா? எல்லாம் இருந்தன. நீ குடிக்கவில்லை. தவக்காலம் முழுக்க நிறுத்திவிட்டு ஈஸ்டர் அன்றைக்கு ஆரம்பிக்கிறவர்களையும், கோவிலில் கையில் கயிறு கட்டிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டுகிறவர்களையும் எனக்குத் தெரியும். முடியாதவனா நீ? முடித்துக் காட்டியவன்.

சாமி பார்த்துக்கொண்டார் என்பாய். சாமியை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த 41 நாள் உன்னைச் சுற்றி இருந்த மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பார். "டேய்" என்று கூப்பிட்டவனெல்லாம் "சாமி" என்றான். ஆறு மணிக்குப் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்து ஹாரன் அடிக்கும் மாப்பிள்ளை அந்தப் பக்கமே வரவில்லை. அந்த ஆறு மணிக்கு உனக்குப் பஜனை இருந்தது. நாலு மணிக்கு எழுந்து குளித்த உடம்பு ஒன்பது மணிக்குத் தூங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே, உன்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது: "இல்லப்பா, மாலை போட்டிருக்கேன்." இதற்குத் தமிழ்நாட்டில் எவனும் எதிர்ப்பேச்சு பேசுவதில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவான். அதே ஆளிடம் "இல்லப்பா, விட்டுட்டேன்" என்று சொல்லிப் பார். "எத்தன நாளைக்கு?", "ஒரு கட்டிங்தான்டா", "வீட்ல பயமா?" என்று அரை மணி நேரம் வக்கீல் வேலை பார்ப்பான்.

மாலை உனக்குக் கொடுத்தது இவ்வளவுதான். ஒரு தேதி, கூட நிற்க நாலு பேர், சாயங்காலத்துக்கு ஒரு வேலை, மறுத்துப் பேச ஒரு வாக்கியம். இரும்பு நெஞ்சு எதுவும் இதில் இல்லை. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியபோது இந்த நாலையும் சேர்த்துக் கழற்றி வைத்தாய். அங்கேதான் வழுக்கியது. நீ கோழை என்பதால் வழுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் பாவி. அப்பா பதினொரு வருஷம் மலைக்குப் போனவர். பன்னிரண்டாம் வருஷம் மாலை போட்ட அன்றைக்கு ராத்திரி, பஜனை மடத்தில் தீபாராதனை நேரத்தில் விறைத்து விழுந்தார். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே சொருகியது. "சாமி வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். உடனே சரண கோஷம் உச்சத்துக்குப் போனது. டோலக் அடிக்கிறவர் வேகம் கூட்டினார். நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசினார்கள். என் அம்மா கைகூப்பி நின்றாள். நானும் கும்பிட்டேன்; எனக்குப் பதினாறு வயது. வாயோரத்தில் நுரையோடு ரத்தம் வந்தது, நாக்கைக் கடித்திருந்தார். கூட்டத்தில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருத்தர் இருந்தார். அவர்தான் பாய்ந்து வந்து டோலக்கைப் பிடித்து நிறுத்தினார். "ஃபிட்ஸுய்யா அது! ஆளை ஒருக்களிச்சுப் போடுங்க!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்பக் குடிச்சார்?" "நேத்து சாயங்காலம் சார், இன்னைக்கு மாலை போட்டதால நிறுத்திட்டார்" என்று அம்மா பெருமையாகவே சொன்னாள்.

வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிறவன் ஒரே நாளில் நிறுத்தினால் இப்படி ஆகலாம். குடி மூளைக்கு பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறது. வண்டி ஓட வேண்டுமே என்று மூளை ஆக்ஸிலரேட்டரை மிதித்தே பழகிவிடுகிறது. திடீரென்று பிரேக்கை எடுத்தால் வண்டி என்ன ஆகும்? சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சிலருக்குச் சுவரில் எறும்பு ஊர்வது தெரியும், இல்லாத ஆள் வந்து பேசுவார். அது பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. உயிருக்கே ஆபத்தான நிலை, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம். வைட்டமின் பி1 ஊசியும், அளவைப் படிப்படியாகக் குறைக்கும் மாத்திரையும் கொடுத்து ஒரு வாரம் பத்து நாளில் இந்தக் கண்டத்தைத் தாண்ட வைப்பது டாக்டர்களுக்குத் தெரிந்த வேலை. அதனால் தினக்குடி உள்ளவன் வீட்டு அறையைப் பூட்டிக்கொண்டு வீரம் காட்ட வேண்டாம். வலிப்பை வைராக்கியத்தால் நிறுத்த முடியாது.

"நோய்னு சொல்லிட்டா அவன் தப்பிச்சுக்குவானே" என்று சிலர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். சர்க்கரையும் நோய்தான். அதற்காகச் சர்க்கரைக்காரர் தினமும் அல்வா சாப்பிட்டுவிட்டு நோயின் மேல் பழி போட முடியுமா? நோய் வந்தது உன் குற்றம் இல்லாமல் இருக்கலாம். மருந்துக்கு நடக்க வேண்டிய கால் உன்னுடையது. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு ஒரு கணக்குச் சொன்னது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். 37 பேர் ஷட்டரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். அந்த ஒருவனாக நீ ஏன் இருக்கக் கூடாது? யார் தடுத்தார்கள்?

வரிசைக்கு வராதவருக்கும் ஒரு வார்த்தை. "நான் அந்த மாதிரி இல்ல சார், வீட்லதான், லிமிட்டாத்தான், நல்ல பிராண்டுதான்." சரி. 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் சாராயம் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. எடையில் அது ஏறத்தாழ 60 கிராம். ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்தால் விடியற்காலை ஆறு மணி வரை அது வேலை பார்க்க வேண்டும். ஆறரைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுகிற அண்ணன் கொஞ்சம் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். பாட்டில் விலை கூடினால் ஈரலுக்குச் சலுகை கிடையாது.

ஆஸ்பத்திரி பத்து நாள். அதற்கப்புறம் வருகிற ஆறு மணிகளுக்கு என்ன செய்வது? 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நின்று இதே கேள்வியைத்தான் ஒருவர் கேட்டுக்கொண்டார். பெயர் பில் வில்சன், நியூயார்க்கில் பங்குத் தரகர். வந்த வியாபாரம் படுத்துவிட்டது. குடியை விட்டு ஐந்தே மாதம். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். மனிதர் டெலிபோன் பக்கம் போனார். தேவாலயங்களைக் கூப்பிட்டு, இந்த ஊரில் குடியால் கெட்டுப்போனவர் யாராவது இருந்தால் நான் பேச வேண்டும் என்று கேட்டார். தன் குடியைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு குடிகாரனைத் தேடுவோம் நாம். அவர் தன் தெளிவைக் காப்பாற்றிக்கொள்ளத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை மருத்துவர். டாக்டரே குடிநோயாளி! அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் ஜூன் 10. அதைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. இன்றைக்கு நம்மூரிலும் ஏ.ஏ. கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன. பணம் கிடையாது, அட்டை கிடையாது, ஊர்ப்பேர் விசாரணை கிடையாது.

எங்கள் ஊர்க் கூட்டம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. அப்பா மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார்கள். அப்பா முறை வந்தது. பெயரைச் சொன்னார். "நான் கொத்தனாருங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரமும் கொத்தனார்தான். மூன்றாம் வாரம்தான் அந்த வார்த்தை வந்தது. ஆயிரம் செங்கல் தூக்கிய மனிதருக்கு ஒரு வார்த்தையைத் தூக்க மூன்று வாரம் ஆனது. தன்னம்பிக்கை என்று மேடை போட்டுக் கத்துகிறோமே, என் கண்ணால் நான் பார்த்தது அந்தப் பெஞ்சில்தான்.

சாயங்காலங்களுக்கு அப்பா கண்டுபிடித்த வேலை விசித்திரமானது. ஆறு மணிக்கு என்னை டியூஷனுக்குச் சைக்கிளில் கூட்டிப்போவார். பதினாறு வயதுப் பையனை! எட்டு மணி வரை வாசல் திண்ணையில் கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பையன்கள் கிண்டல் செய்தார்கள். நான் அவமானத்தில் குறுகினேன். "நீங்க வராதீங்கப்பா" என்று ஒருநாள் சொன்னபோது, "ஒனக்காக வரல சாமி, எனக்காக வர்றேன்" என்றார். அது புரிய எனக்குப் பத்து வருஷம் ஆனது.

நடுவில் வழுக்கவில்லையா? வழுக்கினார். பதினாலாவது மாதம், சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மச்சான் ஊற்றிக் கொடுத்த அன்பு. ஒன்பது நாள் தொடர்ந்து குடித்துவிட்டுப் பத்தாம் நாள் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். விழுந்தவன் விழுந்த இடத்திலேயே வீடு கட்டிக்கொள்ள வேண்டுமா என்ன? கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் தோப்பில் ‘தனி ஏற்பாடு’ செய்கிற பெரிய மனிதர்களே, உங்கள் பந்தலில் ஒரு மனிதனின் பதினாலு மாதத்தை ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக் கொல்கிறீர்கள். தாம்பூலப் பை கொடுத்து அனுப்பினால் போதாதா?

தங்கச்சி, வீட்டுக்குள் இருக்கிற உன்னிடம் வருகிறேன். அவன் குடிப்பதற்கு நீ காரணம் இல்லை. குழம்பில் உப்புக் கூடியதற்காக எவனும் குடிநோயாளி ஆனதில்லை. ‘குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்’ என்று சுவரில் எழுதிய விளம்பரத்தை நம்பி ரசத்தில் எதையும் கலக்காதே. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை டைசல்பிரம் உண்மையான மருந்துதான். ஆனால் அதைப் போட்டவன் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். உயிரும் போகலாம். அவனுக்குத் தெரிந்து, அவன் சம்மதித்து, டாக்டர் சொல்லிக் கொடுக்க வேண்டியது அது. இன்னொன்று. அவன் எழுந்திருக்காத நாளில் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல் சார்" என்கிறாயே, அதை நிறுத்து. அவன் பட்ட கடனை உன் குழுக் கடனில் அடைக்காதே. அவன் விழுகிற வலி அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் கை நீட்டினால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, பிள்ளைகளோடு வெளியே வர உனக்கு உரிமை இருக்கிறது. அவன் திருந்திய பிறகுதான் நான் தையல் கற்பேன், அவன் திருந்திய பிறகுதான் சிரிப்பேன் என்று முடிச்சுப் போடாதே.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தார், இளம் வயதில். மூலையில் உட்காரவில்லை. 1980இல் குடிநோய்க்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். பின்னால் அந்த நிலையத்தார் மஞ்சக்குடி என்ற காவிரிப் படுகைக் கிராமத்தில் முகாம் போட்டு, ஊருக்குள்ளேயே, ஊர்க்காரர்களைக் கூட வைத்துக்கொண்டு சிகிச்சை கொடுத்துக் காட்டினார்கள். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊரே கூட நிற்பது என்பது மாலை போடுகிற மாதத்துக்கு மட்டும் உரியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற அப்பன்களே, தயவுசெய்து அதையாவது விடுங்கள். என் தலையில் மட்டும் எத்தனை சத்தியம் விழுந்தது தெரியுமா? ஒவ்வொன்று உடையும்போதும் என் தலைக்கு இவ்வளவுதான் விலை போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்து வளர்கிற பையன்தான் பத்தாம் வகுப்பில் உதட்டுக்கடியில் புகையிலைப் பொட்டலம் அடக்குகிறான், அப்புறம் கஞ்சா, அப்புறம் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி. சத்தியம் வேண்டாம். எந்தத் தேதி ஆஸ்பத்திரிக்கு என்று பிள்ளையிடம் தேதி சொல்லுங்கள்.

"கடையைத் திறந்து வெச்சிருக்கானே, அவனைக் கேளு" என்கிறாய். கேட்கிறேன். 2003இல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்த தமிழ்நாட்டு அரசாங்கம், 2023-24இல் மட்டும் மதுவில் 45,855 கோடி ரூபாய் வருமானம் பார்த்தது. இதில் கூச்சப்பட வேண்டியவர்கள் கோட்டையில் இருக்கிறார்கள், கட்சி வித்தியாசம் இல்லாமல். கடையை மூடச் சொல்லி 2015இல் செல்போன் கோபுரத்தில் ஏறி நின்று உயிரை விட்டார் காந்தியவாதி சசிபெருமாள். 1921இல் ஈரோட்டில் பெரியார் வீட்டு நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன்னால் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். கடையை மூடச் சொல்லிப் போராடு, நானும் வருகிறேன். ஆனால் 1937இல் ராஜாஜி சேலத்தில் மூடினார். பின்னால் மாகாணம் முழுக்க மூடினார்கள். 1971இல் திறந்தார்கள், மறுபடி மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். உன் ஈரலுக்கு அடுத்த தேர்தல் அறிக்கை வரை காத்திருக்கத் தெரியாது. கடையில் விலை கூடினால் பாக்கெட் சாராயத்துக்குப் போகலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 உயிருக்கு மேல் கொண்டுபோனது. ஒரே தெருவில் வரிசையாகப் பாடை கட்டினார்கள்.

அப்பாவுக்கு இப்போது 71 வயது. "எத்தனை வருஷமாச்சு விட்டு?" என்று யாராவது கேட்டால், "இன்னைக்கு இன்னும் குடிக்கல" என்பார். கிண்டல் இல்லை. அந்தக் கூட்டத்துக்காரர்கள் அப்படித்தான் எண்ணுவார்கள், ஒவ்வொரு நாளாக.

மணி பதினொன்று பத்து. இந்த ஷட்டர் பன்னிரண்டுக்கு ஏறும். அரசு தலைமை மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு கொடுப்பதும் அநேகமாகப் பன்னிரண்டோடு முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஐம்பது நிமிஷம் இருக்கிறது உனக்கு. பஸ் வர லேட்டானால் என் வண்டி இருக்கிறது, ஏறு. போகிற வழியில் 14446க்கு ஒரு போன் போடலாம், போதை மீட்புக்கான இலவச எண். அங்கே போய்ச் சீட்டுக் கவுன்டரில் "மனநலப் பிரிவு எங்க இருக்கு?" என்று கேள். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். கையைப் பைக்குள்ளிருந்து வெளியே எடு. டாக்டர் அந்த நடுக்கத்தைப் பார்க்க வேண்டும்.